சாம்பிள் சின்னது என்று சொன்னேன்

நான் நோய்க்குறியியல் மருத்துவர். லேப் டாக்டர் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரியும். நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பது அரிது. அறுவை அரங்கிலிருந்தும் ஸ்கேன் சென்டரிலிருந்தும் பாட்டிலில் வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது கேன்சரா, கேன்சர் என்றால் எந்த வகை என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்தத் தொழிலில் ஓர் அம்மாவின் சிகிச்சை தப்பான வழியில் போக நான் காரணமானேன். பிறகு, என்ன நடந்தது என்று நேராகக் கேட்ட அவருடைய மகனிடம் பொய் சொன்னேன். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவதைத் தெரிந்தேதான் செய்தேன். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

என் தவறு எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால், அந்தச் சதைத் துண்டுக்கு இன்று என்ன மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் எம்.டி. படித்த காலத்தில்தான் இமாட்டினிப் மாத்திரை வந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் உண்டாகும் புதுப் புரதம்தான் வெள்ளணுக்களை ஓயாமல் பெருகவைக்கிறது. அந்த ஒரு புரதத்தைக் குறிவைத்து அடக்குகிற மாத்திரை அது. சில ஆண்டுகளில் கைமீறிப் போகும் என்று நாங்கள் பாடத்தில் படித்த நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நோயாக மாறியதை வார்டில் கண்ணாலேயே பார்த்தோம். "இனிமே எந்த உறுப்புல கேன்சர்னு கேட்டா பத்தாது, எந்த ஜீன்ல கோளாறுன்னும் கேக்கணும்" என்று எங்கள் பேராசிரியர் அப்போது சொன்னார். அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டவர்களில் நானும் ஒருத்தி.

நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கேள்விக்கு விடை வேறு வழியாக வந்தது. ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை 2002-இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சாப்பிட்ட பலருக்கு ஒரு பலனும் இல்லை. சிலருக்கு மட்டும் கட்டி மளமளவென்று சுருங்கியது. யார் அந்தச் சிலர் என்று பார்த்தால், பெரும்பாலும் பெண்கள், புகை பிடிக்காதவர்கள், ஆசியர்கள், அடினோகார்சினோமா என்ற வகை உள்ளவர்கள். காரணம் 2004-இல் தெரிந்தது. பலன் கண்டவர்களின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் பிழை இருப்பதை பாஸ்டனில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, வளரச் சொல்லும் செய்தியை உள்ளே கடத்துவது. மரபணுவின் 19-ஆம் எக்ஸான் என்ற பகுதியில் சில எழுத்துகள் உதிர்ந்துவிட்டாலோ, 21-ஆம் எக்ஸானில் ஓர் எழுத்து மாறிவிட்டாலோ, வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே அந்தப் புரதம் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈஜிஎஃப்ஆர் பிழைகளில் பத்தில் ஒன்பது இந்த இரண்டு இடங்களில்தான். மாத்திரை போய் அந்தப் புரதத்தின் இடுக்கில் உட்கார்ந்து அதை அடைத்துவிடுகிறது.

2009-இல் ஐபாஸ் என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. கிழக்கு ஆசிய நாடுகளில் 1217 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஜெஃபிட்டினிப், மீதிப் பேருக்கு வழக்கமான கீமோ. பிழை இருந்தவர்களில் 71.2 சதவீதம் பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது. பிழை இல்லாதவர்களில் 1.1 சதவீதம் பேருக்குத்தான். அதே நோய், அதே மாத்திரை. மரபணுவைப் பார்க்காமல் கொடுத்தால் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வீணான மாதங்கள். இந்திய அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தப் பிழை இருக்கிறது. யாருக்கு என்று சதையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அந்த ஆய்வில் என் தொழிலைச் சேர்ந்த ஓர் எண் உண்டு. 1217 பேரில் மரபணு நிலை கண்டறிய முடிந்தது 437 பேருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பிழை இருந்ததா இல்லையா என்பதே கணக்கில் வரவில்லை. உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிய ஓர் ஆய்வில் இந்த நிலைமை என்றால், எங்கள் ஊர் போன்ற ஊர்களின் லேப்களில் எத்தனை பேருக்கு விடை கிடைக்காமல் போயிருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அறிவு இல்லாமல் நான் தவறு செய்யவில்லை. நுரையீரல் அடினோகார்சினோமாவுக்கு 2011-இல் வந்த புதிய வகைப்பாடு தெளிவாகவே சொன்னது: சிறு பயாப்சியில் சாயங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், மரபணுச் சோதனைக்குத் திசுவை மிச்சம் வையுங்கள். 2013-இல் நுரையீரல் கேன்சரின் மரபணுச் சோதனைக்கென்றே தனி வழிகாட்டி வந்தது. இரண்டையும் படித்திருந்தேன். எங்கள் மாவட்ட மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி வகுப்பே எடுத்தேன். மேடையில் ஒன்று சொல்லிவிட்டு மேசையில் வேறொன்று செய்தேன்.

அந்த அம்மா சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது. புகைப் பழக்கம் கிடையாது. இருமல் விடவில்லை என்று போனதற்கு எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்து, சளியில் கிருமி காணாமலே டி.பி. மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். நம் ஊர்களில் நுரையீரல் கேன்சருக்கு அடிக்கடி நேர்வதுதான் இது. மாதங்கள் கடந்து இளைப்பு அதிகமானபின் ஸ்கேன் எடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் சதை எடுத்தார்கள். மூன்று துண்டு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது.

எடுத்தது போகிப் பண்டிகை அன்று. பாட்டில் எங்கள் லேபுக்கு வந்து மேசையில் உட்கார்ந்துகொண்டது. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் முடிந்துதான் லேப் திறந்தோம். அதுவரை சதை பார்மலினில் கிடந்தது. அந்த அளவுத் துண்டுக்கு ஆறு மணி நேரம் போதும், இரண்டு நாளைத் தாண்டவே கூடாது. பார்மலின் சதையை அழுகாமல் காப்பது உண்மைதான். கூடவே புரதங்களையும் டிஎன்ஏ-வையும் ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. நாள் ஆக ஆக டிஎன்ஏ துண்டு துண்டாகிறது. அமிலத்தன்மை இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் சோடியம் பாஸ்பேட் உப்புகளைச் சேர்த்து நடுநிலையாக்கிய பார்மலினைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நாங்கள் ஸ்கேன் சென்டர்களுக்குக் கொடுத்தனுப்பியது குழாய்த் தண்ணீரில் கலந்த வெறும் பார்மலின். உப்புக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். மைக்ராஸ்கோப்பில் செல்கள் நன்றாகத்தானே தெரிகின்றன என்று வருடக்கணக்கில் அப்படியே விட்டிருந்தேன். செல்லின் வடிவம் கெடாமல் இருக்கும்போதே உள்ளே டிஎன்ஏ கெட்டுப்போயிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மூன்று துண்டையும் ஒரே மெழுகுக் கட்டியில் பதித்தோம். பிளாக் என்போம் அதை. மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் பிளாக்கைப் பொருத்தி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் நான்கு பங்கு கனத்துக்குச் சீவுவோம். முதல் சீவல்களில் சாயம் ஏற்றிப் பார்த்த உடனேயே கேன்சர் என்று தெரிந்துவிட்டது. சுரப்பி போன்ற அமைப்பு. நுரையீரலில் தோன்றியதா, வகை எது என்று உறுதிப்படுத்த டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு சாயங்கள் போதும். இரண்டும் போட்டேன். முதலாவது பிடித்தது, இரண்டாவது பிடிக்கவில்லை. நுரையீரல் அடினோகார்சினோமா. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. சிகே7, சிகே20, நாப்சின் என்று கேட்டேன். பெண் ஆயிற்றே, மார்பகத்திலிருந்து பரவியதாக இருந்துவிட்டால் என்று அதற்கான சாயங்களையும் கேட்டேன். மார்பகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அவருடைய மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை.

ஒவ்வொரு முறை புதிதாகச் சாயம் கேட்கும்போதும் டெக்னீஷியன் பிளாக்கை மறுபடி இயந்திரத்தில் பொருத்த வேண்டும். முந்தின கோணத்திலேயே அது உட்காராது. முகத்தைச் சமன்படுத்தச் சீவித் தள்ள வேண்டும். பென்சிலைத் திரும்பத் திரும்பச் சீவுவதைப் போலத்தான். எழுதுவதில் தீர்ந்ததைவிடச் சீவியதில் தீர்ந்தது அதிகம். அந்தச் சீவல்கள் கண்ணாடிக்குப் போகவில்லை, குப்பைக்குப் போயின. கடைசித் தடவை டெக்னீஷியன் பிளாக்கைக் கையில் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "மேடம், இதுல இனிமே பெருசா ஒண்ணும் இல்ல. போடணுமா?" என்று கேட்டார். மெழுகின் நடுவில் மூன்று வெளிறிய கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோட்டின் மிச்சம், அதுவும் விட்டுவிட்டுத் தெரிந்தது. "போடுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பயம் ஒரு காரணம். தொழிலுக்கு வந்த புதிதில், மார்பகத்திலிருந்து பரவிய ஒன்றை நுரையீரலில் தோன்றியது என்று எழுதிவிட்டு, மருத்துவமனைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேச்சு வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு, இனி என் ரிப்போர்ட்டில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்கக் கூடாது என்ற வெறி வந்துவிட்டது. நோயாளிக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு முன்னால் என் பெயர் வந்து நின்றது. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சாயத்துக்கும் தனிக் கட்டணம். அந்த லேபில் எனக்கும் பங்கு இருந்தது. பணத்துக்காகத்தான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கூடுதலாகக் கேட்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் போனதற்கு அந்தப் பணமும் காரணம்.

ரிப்போர்ட் இரண்டு பக்கம் வந்தது. பார்க்க நிறைவாக இருந்தது.

புற்றுநோய் மருத்துவர் பக்கத்துப் பெரிய ஊரில் இருந்தார். ஈஜிஎஃப்ஆர் சோதனை பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பிளாக்கை வாங்க மகன் வந்தார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பையன். கையெழுத்துப் போட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்து, வெளியே போகும்போது அதன்மேல் கையை வைத்துக்கொண்டே போனார். சென்னைச் சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது: திசு போதவில்லை, கிடைத்த டிஎன்ஏ தரமாக இல்லை, சோதனை செய்ய இயலவில்லை.

அந்தத் தாளோடு அவர் திரும்பி வந்தார்.

"மேடம், முதல்ல எடுத்த சதை என்னாச்சு? மூணு பீஸ் நல்லா வந்துருக்குன்னு ஸ்கேன் டாக்டர் சொன்னாரே."

"சாம்பிள் ரொம்பச் சின்னது தம்பி. ஊசியில அவ்வளவுதான் வரும்."

"எங்கம்மாவுக்குத்தான் இப்படியா மேடம்?"

"நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகும்."

அவர் தலையாட்டிவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னதில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக எடுத்தால் உண்மை. ஊசியில் வரும் சதை சின்னதுதான். நிறையப் பேருக்கு அப்படி ஆகத்தான் செய்கிறது. மொத்தமாக அது பொய். மூன்று துண்டும் போதுமான அளவில் வந்தன, அவற்றை நான் தீர்த்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

கீமோ ஆரம்பித்தார்கள். கார்போபிளாட்டினும் பெமட்ரெக்செட்டும், 21 நாளைக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க எங்கள் லேபுக்குத்தான் வருவார்கள். வெளியே பெஞ்சில் அந்த அம்மா துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாளிக்கிற வாசனையே ஆகமாட்டேன் என்கிறது, பக்கத்து வீட்டு அடுப்புக்குக்கூட ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது என்று எங்கள் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது கண்ணாடிக் கதவு வழியாக எனக்குக் கேட்டது. வாழ்நாளெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்தவர். வெள்ளணு குறைந்துகொண்டே வந்தது, ஹீமோகுளோபின் இறங்கியது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டது நான். ஒரு நாள்கூட வெளியே போய் அவரிடம் பேசவில்லை.

மறு ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அப்போதுதான் புற்றுநோய் மருத்துவர் ரத்தத்திலேயே மரபணுச் சோதனை பார்க்கச் சொன்னார். கட்டியிலிருந்து உதிரும் டிஎன்ஏ கொஞ்சம் ரத்தத்தில் மிதக்கும். அதில் ஈஜிஎஃப்ஆர் பிழையைத் தேடும் சோதனைக்கு அமெரிக்காவில் 2016-லேயே அனுமதி கிடைத்திருந்தது. நம் நாட்டிலும் செய்துகொண்டிருந்தார்கள். ரிப்போர்ட் வந்தது: 19-ஆம் எக்ஸானில் எழுத்துகள் உதிர்ந்த பிழை. மாத்திரைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் வகை.

ஜெஃபிட்டினிப் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. சில வாரத்தில் இருமல் குறைந்தது. முகத்தில் பரு போலத் தடிப்பும் அவ்வப்போது வயிற்றுப்போக்கும் இருந்தன, இளைப்பு இல்லை. மறுபடி சமையலறைக்குப் போனார் என்று மகன் பிறகு சொன்னார். சில மாதங்கள் நன்றாக இருந்தார். பிறகு மாத்திரைக்கு நோய் எதிர்ப்பு கண்டுவிட்டது. பாதிப் பேருக்கு டி790எம் என்ற இன்னொரு பிழை முளைப்பதால் இது நடக்கிறது. அதற்கும் ஒசிமெர்ட்டினிப் என்ற மருந்து வந்திருந்தது, அவர்களால் அந்த விலைக்கு வாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அந்த அம்மா இறந்துபோனார்.

அவருடைய ஆயுளை நான் குறைத்தேன் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஐபாஸ் ஆய்விலேயே, முதலில் மாத்திரை எடுத்தவர்களும் முதலில் கீமோ எடுத்துப் பிறகு மாத்திரைக்கு மாறியவர்களும் மொத்தத்தில் வாழ்ந்த காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை என் மனச்சமாதானத்துக்காகப் பலநாள் சொல்லிக்கொண்டேன். அந்த ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பிழை உள்ளவர்களுக்கு மாத்திரை எடுத்த காலத்தில் நோய் அடங்கியிருந்தது அதிக நாள், உடம்பும் வாழ்க்கையும் நன்றாக இருந்தது அதிக நாள். கீமோவில் துவண்டு மாத்திரை வரைக்கும் வந்துசேராமலே போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அம்மா எப்படியோ வந்துசேர்ந்தார். வந்துசேரும்வரை பட்டதெல்லாம் என் கணக்கில்தான்.

அவர் இறந்தபின் மனசு கேட்காமல் மகனுடைய கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை நின்று, நடந்ததைச் சொன்னேன். சாயங்கள், பார்மலின், டெக்னீஷியன் எச்சரித்தது எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். கையில் இருந்த திருப்புளியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மேடம், டாக்டர் அப்பவே கேட்டாரு, இன்னொரு தடவ சதை எடுத்துப் பாப்பமான்னு. முதல் தடவ குத்துனப்ப காத்து கசிஞ்சு நெஞ்சுல டியூப் போட்டாங்கல்ல, அம்மா பயந்துருச்சு. ஒரு தடவ குத்துனதுலயே வரல, மறுபடி குத்துனா மட்டும் வந்துருமான்னு கேட்டுச்சு. எனக்கும் அதுதான் தோணுச்சு. நீங்க அன்னிக்கே, சதை நல்லாத்தான் வந்துச்சு, எங்க கையில தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எங்கம்மாவ ஒத்துக்க வச்சிருப்பேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சதையைத் தீர்த்ததுதான் என் குற்றம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரம் இருந்தது. மறுபடி ஒரு பயாப்சி, அல்லது அன்றைக்கே ரத்தச் சோதனை. "எங்கள் லேபில் திசு தீர்ந்துவிட்டது, ரத்தத்தில் பாருங்கள்" என்று புற்றுநோய் மருத்துவருக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ரத்தச் சோதனையைப் பற்றி எனக்கு அப்போதே தெரியும். எழுதினால் ஏன் தீர்ந்தது என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். தன் உடம்பில்தான் ஏதோ குறை, குத்தியும் வரவில்லை என்று அந்த அம்மா நம்பும்படி விட்டேன். அவர் மறுபடி ஊசி வேண்டாம் என்று சொன்னது என் பொய்யை நம்பித்தான்.

மகன் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "வேற யாருக்கும் இப்படி ஆகாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரின் போனை எடுத்தார்.

அதன் பிறகு பழைய பதிவேடுகளைத் தோண்டினேன். எங்களிடமிருந்து போய் மரபணுச் சோதனை செய்ய முடியாமல் திரும்பியவை அது ஒன்று மட்டுமல்ல. எலும்புக்குப் பரவியபின் எலும்பிலிருந்து எடுத்த துண்டுகள் தனிக் கதை. எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அப்படியே சீவ வராது. அதைக் கரைக்க நைட்ரிக் அமிலத்தில் போடுவோம். ஒரே நாளில் மென்மையாகிவிடும், வேலை சீக்கிரம் முடியும். டிஎன்ஏ அந்த அமிலத்தில் சிதைந்துபோகும். ஈடிடிஏ என்ற ரசாயனத்தில் போட்டால் டிஎன்ஏ தப்பிக்கும், நாள் அதிகம் ஆகும். நாங்கள் சீக்கிரத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் துண்டுகளுக்குச் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு மாத்திரை பலித்திருக்கும் என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது எங்கள் லேபில் ஊசி பயாப்சி வந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி பிளாக்கில் பதிக்கிறோம். ஒன்று தீர்ந்தாலும் இன்னொன்று தொடப்படாமல் இருக்கும். முதல் தடவை சீவும்போதே சாயம் ஏற்றாத சீவல்களை எடுத்து மரபணுச் சோதனைக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். பாட்டிலில் சதை விழுந்த நேரத்தை எழுதாமல் வாங்குவதில்லை. பண்டிகை நாளிலும் ஒருவர் வந்து பார்மலினிலிருந்து எடுத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிட்டுப் போகிறார். இரண்டு சாயத்துக்கு மேல் வேண்டுமென்றால் முதலில் நோயாளியின் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, எதற்கும் பெரிய செலவும் இல்லை. 2011-இல் படித்தபோதே செய்திருக்கக் கூடியவை. அதனால் இவற்றைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை இல்லை.

இன்றைக்கு ஈஜிஎஃப்ஆர் ஒன்று மட்டும் பார்ப்பதில்லை. ஏஎல்கே, ராஸ்1, பிராஃப், மெட், ரெட், கேராஸ் என்று நுரையீரல் கேன்சருக்கே குறிவைக்கும் மரபணுக்களின் வரிசை நீண்டுவிட்டது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் படிக்கும் சோதனைகள் வந்துவிட்டன. 2024 ஜூலையில் மத்திய பட்ஜெட்டில் ஒசிமெர்ட்டினிப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு இறக்குமதிச் சுங்கத்தை நீக்கினார்கள். 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி, நம் நாட்டு மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் திசு மாதிரிகளை ஆராய்ந்து பாரத் புற்றுநோய் மரபணு வரைபடத்தை வெளியிட்டது. மருந்து வருகிறது, விலை இறங்கப் போராடுகிறோம், நம் மக்களின் மரபணுவை நாமே படிக்கத் தொடங்கிவிட்டோம். எல்லாம் சந்தோஷமான செய்திகள். இவை அத்தனையும் தொடங்கும் இடம் ஏதோ ஓர் ஊரில் ஒரு பாட்டிலுக்குள் விழும் சதைத் துண்டு. அதை யார் எடுக்கிறார், எதில் போடுகிறார், எத்தனை மணி நேரம் வைக்கிறார், எத்தனை முறை சீவுகிறார் என்பதில் சிகிச்சையின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பாதி என்னைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது.

என் துறை நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். திசு தீர்ந்துவிட்டால், இங்கே தீர்ந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் எழுதுங்கள். நோயாளியின் உடம்பின் மேல் பழி போடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது சதைப் பரிசோதனை என்றால், எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: இதில் மரபணுச் சோதனைக்கும் சேர்த்து எடுக்கிறீர்களா? லேபில் சொல்லுங்கள்: மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வெயிலில் நிற்கும் காரிலும் வண்டிப் பெட்டியிலும் பிளாக்கை வைக்காதீர்கள், மெழுகு உருகும். வீட்டில் குளுமையான இடத்தில் பத்திரமாக வையுங்கள், பல வருடம் கழித்தும் பயன்படும். திசு போதவில்லை என்று பதில் வந்தால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். மறுபடி எடுக்கலாமா, ரத்தத்தில் பார்க்கலாமா என்று கேளுங்கள். ரத்தத்தில் பிழை தெரியவில்லை என்றால் பிழையே இல்லை என்று ஆகிவிடாது, அப்போது மீண்டும் சதைக்குத்தான் போக வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். என் போன்ற ஒருவர் "சாம்பிள் சின்னது" என்று சொன்னால், அந்தப் பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். திரும்பவும் கேளுங்கள்.